திரையை வரைந்த புராசஸர்: யுகோஸ்லாவியாவின் கலாக்சியா கம்ப்யூட்டர்

இந்த எபிசோட்ல ஒரு கம்ப்யூட்டரோட கதை. கடையில போய் வாங்குற கம்ப்யூட்டர் இல்ல. ஒரு பத்திரிகையை வாங்கி, அதுல அச்சடிச்சிருக்கிற சர்க்யூட் படத்தைப் பார்த்து, சிப் சிப்பா சேகரிச்சு, வீட்டு மேஜையில சால்டரிங் அயர்ன் வச்சு நீங்களே செஞ்சுக்க வேண்டிய கம்ப்யூட்டர். பேர் கலாக்சியா. 1983 டிசம்பர் கடைசியில், அன்றைய யுகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேடில் அந்தப் பத்திரிகை வெளியானது. ஒரு ஆயிரம் பேர் முயற்சி பண்ணினா பெரிய விஷயம்னு அதை உருவாக்கினவங்க நினைச்சாங்க. "நான் செஞ்சுட்டேன்"னு எழுதிப் போட்டவங்க எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியது.

இப்போ எதுக்கு இதைப் பத்திப் பேசணும்? யூடியூபில் பென் ஈட்டர் மாதிரி ஆட்களோட வீடியோ பார்த்துட்டு, பிரெட்போர்டில் பழைய பாணி கம்ப்யூட்டர் கட்டுற பழக்கம் இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கு. நம்ம லிஸனர்ஸ்லயும் நாலஞ்சு பேர் அப்படி மெயில் பண்ணியிருக்கீங்க. அவங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் திணறுறாங்க. பழைய புராசஸர் ஒண்ணை எடுத்து அதுக்கு ரேம், ரோம் இணைக்கிறது ஒரு வார இறுதி வேலை. எல்இடி மினுக்கினதும் சந்தோஷமா இருக்கும். அப்புறம், "சரி, இதை ஒரு டிவி திரையில எழுத்தா காட்டுவோம்"னு இறங்கும்போதுதான் சுவர்ல முட்டுவீங்க.

ஏன்னா பழைய டிவி யாருக்காகவும் காத்திருக்காது. ஐரோப்பியத் தரத்தில் ஒரு விநாடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே வரைஞ்சுக்கிட்டே போகும். ஒரு வரிக்கு சுமார் 64 மைக்ரோ விநாடி. அந்த நேரத்துக்குள்ள எந்தப் புள்ளி வெள்ளை, எந்தப் புள்ளி கறுப்புன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். ஒரு மைக்ரோ விநாடி தாமதமானா எழுத்து நகர்ந்துடும். அதனால அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களில் திரைக்குன்னே தனியா ஒரு சிப் இருக்கும், இல்லன்னா ஒரு கை நிறைய லாஜிக் சிப்கள் இருக்கும். அதுதான் விலையைக் கூட்டும், போர்டையும் பெரிசாக்கும். கலாக்சியாவோட மொத்தக் கதையும் இந்த ஒரு பிரச்சினையிலிருந்துதான் கிளம்புது.

முதல்ல ஊர் நிலவரம். யுகோஸ்லாவியா ஒரு சோஷலிச நாடு, ஆனா சோவியத் கூட்டணியில் இல்லாத நாடு. மக்கள் மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்குப் போவாங்க, இத்தாலிக்கு ஷாப்பிங் போவாங்க. 1980-ல் டிட்டோ இறந்த பிறகு வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரிக்க, அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. 50 ஜெர்மன் மார்க்குக்கு மேல் மதிப்புள்ள பொருளைத் தனிமனிதர் வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாது. அன்றைய கணக்கில் அது 13 பிரிட்டிஷ் பவுண்டுக்குப் பக்கம். பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982-ல் அறிமுகமானபோது அதன் மிக மலிவான மாடலே 125 பவுண்டு. கணக்கு எங்கேயும் இடிக்குது பாருங்க. கம்ப்யூட்டர் வேணும்னா ஒண்ணு பையில ஒளிச்சுக் கொண்டு வரணும், இல்ல விட்டுடணும். நிறையப் பேர் ஒளிச்சுத்தான் கொண்டு வந்தாங்க. உள்நாட்டிலும் கம்ப்யூட்டர் தயாரிச்சாங்க, ஸ்லோவீனியாவின் இஸ்க்ரா டெல்டா மாதிரி நிறுவனங்கள் இருந்தன. ஆனா அதெல்லாம் அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும். பள்ளிக்கூடப் பையன் அதைத் தொட்டுப் பார்க்க முடியாது.

இந்த இடத்துலதான் வோயா அன்டோனிச் வர்றார். பெல்கிரேடைச் சேர்ந்த இன்ஜினியர், முப்பது வயசு தாண்டியவர். பனிச்சறுக்குப் போட்டிகளில் நேரம் அளக்கும் கருவியெல்லாம் ஏற்கெனவே செஞ்சு பழகின கை. 1983 கோடையில் அட்ரியாட்டிக் கடலோரம், மாண்டினீக்ரோவின் ரிசான் என்ற சின்ன ஊருக்கு விடுமுறைக்குப் போனார். கடற்கரைக்குக் கொண்டு போன புத்தகம் என்ன தெரியுமா? ஆர்சிஏ நிறுவனத்தின் 1802 புராசஸருக்கான கையேடு. நம்மில் சிலருக்கு இதில் ஆச்சரியமே இருக்காதுன்னு தெரியும்.

அந்தக் கையேட்டில் ஒரு விஷயம் அவரைப் பிடிச்சு நிறுத்தியது. 1802 ரொம்ப எளிமையான புராசஸர். ஆனா படம் உருவாக்குற வேலையில் புராசஸரையே பாதி இறக்கிவிட்டு, வெளியே இருக்க வேண்டிய சிப்களைக் குறைச்சிருந்தாங்க. அன்டோனிச்சோட யோசனை: இவ்வளவு எளிய புராசஸரே இதைச் செய்யும்னா, இதைவிடப் பல மடங்கு திறமையான ஸிலாக் இசட்80 செய்யாதா? ஊர் திரும்புறதுக்கு முன்னாடியே காகிதத்தில் அமைப்பு தயாராகிவிட்டது.

இனி வர்றது கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா ஸ்கிப் பண்ணிடாதீங்க, கதையோட இதயமே இதுதான்.

இசட்80 ஒரு கட்டளையை மெமரியிலிருந்து எடுக்க நாலு கிளாக் துடிப்பு எடுத்துக்கும். முதல் ரெண்டு துடிப்பில் கட்டளை உள்ளே வந்துடும். அடுத்த ரெண்டு துடிப்பில் புராசஸர் தன் தலைக்குள்ள "இது என்ன கட்டளை?"னு புரிஞ்சுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்தில் வெளியே இருக்கிற மெமரிப் பாதை சும்மா கிடக்கும். ஸிலாக்கின் வடிவமைப்பாளர்கள் அந்தச் சும்மா நேரத்துக்கு ஒரு வேலை கொடுத்தாங்க. டைனமிக் ரேம்னு ஒரு வகை இருக்கு, மலிவு. ஆனா அதுக்கு மறதி. சில மில்லி விநாடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு வரிசையையும் தட்டி எழுப்பணும், இல்லன்னா உள்ளே இருக்கிறது அழிஞ்சுடும். அந்தத் தட்டி எழுப்புற வேலையை, அதாவது ரெஃப்ரெஷை, இசட்80 தானே செஞ்சுடும். ஆர்-னு ஒரு ரெஜிஸ்டர் உள்ளே எண்ணிக்கிட்டே போகும். ஒவ்வொரு கட்டளை எடுப்பிலும் ஒரு முகவரியை வெளியே நீட்டும், அடுத்த தடவை அதுக்கு அடுத்த முகவரி, அப்புறம் அதுக்கு அடுத்தது. இசட்80 விலை போனதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அன்டோனிச் எடுத்துக்கிட்டது ஸ்டாட்டிக் ரேம், 6116 என்ற 2 கிலோபைட் சிப். அதுக்கு மறதியே கிடையாது, ரெஃப்ரெஷும் வேண்டாம். அப்போ இசட்80 ஒவ்வொரு கட்டளைக்கும் வெளியே நீட்டுற அந்த முகவரி? யாருக்கும் வேண்டாத ஒரு கவுன்ட்டர், ஓசியில ஓடிக்கிட்டு இருக்கு.

அதைத் திரை மெமரி பக்கம் திருப்பிவிட்டார். அவ்வளவுதான்.

புராசஸர் ஏதோ ஒரு கட்டளையை எடுக்குது. ரெண்டு துடிப்பு கழிச்சு, ரெஃப்ரெஷ் முகவரி வெளியே வருது. அந்த முகவரியில் இருப்பது திரையில் காட்ட வேண்டிய எழுத்து. அந்த எழுத்தின் குறியீடு, எழுத்து வடிவங்கள் இருக்கிற தனி ரோமுக்குப் போகுது. அங்கிருந்து எட்டுப் புள்ளிகள் வெளியே வந்து வரிசையா டிவிக்குப் போகுது. அதுக்குள்ள புராசஸர் அடுத்த கட்டளையை எடுக்குது, அடுத்த எழுத்து வெளியே வருது. கணக்கு எவ்வளவு கச்சிதமா பொருந்துது பாருங்க. புள்ளிகள் வெளியேறுற வேகம் 6.144 மெகாஹெர்ட்ஸ். புராசஸரோட வேகம் அதில் சரிபாதி, 3.072. எட்டுப் புள்ளி வெளியேற ஆகுற நேரம், புராசஸரின் நாலு துடிப்பு. ஒரு கட்டளை எடுப்புக்கும் அதே நாலு துடிப்பு. ஒரு கட்டளைக்கு ஒரு எழுத்து, இடையில் ஒரு நொடித் துணுக்குகூட வீணாகலை.

முழுக்க ஓசியில வேலை முடியலைங்கிறதையும் சொல்லணும். ஆர் ரெஜிஸ்டர் ஏழு பிட்தான் எண்ணும், அதாவது 128 வரைக்கும். திரையோ 32 எழுத்து அகலம், 16 வரி உயரம், மொத்தம் 512. மேல் பாதி முகவரியை இன்னொரு ரெஜிஸ்டர் கொடுத்துடும். நடுவில் எட்டாவது பிட் மட்டும் விட்டுப்போகுது. அதுக்கு வெளியே ஒரு சின்ன லாட்ச் சிப்பில் ஒரு பிட்டை ஒதுக்கி, புரோகிராம் மூலமா அதை மாத்தி மாத்தி ஓட்டினார். ஹார்டுவேர்ல ஒட்டுப்போடுறதுன்னா இதுதான்.

இதுக்குக் கொடுத்த விலை என்ன? திரையில் எழுத்து வரையுற நேரம் முழுக்க புராசஸர் அந்த வேலையில்தான் இருக்கும். ஒரு திரைக்கு 320 வரி, அதில் 208 வரி எழுத்துப் பகுதி. கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு நேரம் படம் வரையவே போயிடுது. நீங்க எழுதின புரோகிராம் மிச்சம் இருக்கிற ஒரு பங்கில்தான் ஓடும். 3 மெகாஹெர்ட்ஸ் புராசஸரைக் கையில வச்சுக்கிட்டு 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்துல வாழ்ற மாதிரி.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடணும். இந்தக் கதையைச் சொல்ற சில வீடியோக்களின் தம்ப்நெயில்ல "உலகத்திலேயே முதல்முறையாக"ன்னு இருக்கும். அது சரியில்ல. புராசஸரை வச்சே படம் வரையுறதை பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் 1980-லேயே இசட்எக்ஸ்80 கம்ப்யூட்டரில் செஞ்சது, அதுவும் இதே இசட்80 வகைப் புராசஸரை வச்சு. அதில் ஒரு கீயை அழுத்தினாலே திரை ஒரு கணம் அணைஞ்சு வரும். புராசஸர் கீபோர்டைக் கவனிக்கப் போனா திரையைக் கவனிக்க ஆளில்லை. அடுத்த வருஷம் வந்த இசட்எக்ஸ்81-ல் பல சிப்களின் வேலையை ஃபெராண்டி நிறுவனம் தயாரிச்ச ஒரே தனிச் சிப்புக்குள்ள அடைச்சு, நாலே நாலு முக்கிய சிப்பில் கம்ப்யூட்டரை முடிச்சாங்க.

என்னைப் பொறுத்தவரை, அன்டோனிச்சோட திறமை எங்கே இருக்குன்னு புரிய இந்த ஒப்பீடுதான் உதவுது. சின்க்ளேருக்குத் தனிச் சிப் செய்ய ஃபேக்டரி இருந்தது. இவருக்கு அது கிடையாது. இவருக்கு இருந்தது ஒரு விசித்திரமான ஸ்பெசிஃபிகேஷன்: இதைக் கட்டப் போறவர் யாருன்னு தெரியாது, அவர்கிட்ட என்ன கருவி இருக்குன்னு தெரியாது, சிப்கள் எந்த நாட்டுக் கடையிலிருந்து எந்த உறைக்குள்ள வரும்னு தெரியாது. நாம சாஃப்ட்வேர்ல "யூஸர் யார்?"னு கேட்கச் சொல்லிக் கொடுப்பாங்க. இவர் கேட்டது அதுக்கு முந்தின கேள்வி, "கட்டப்போறவர் யார்?". போர்டில் இருக்கிற ஒவ்வொரு முடிவையும் அந்தக் கேள்வியோட பாருங்க, அப்போதான் அது ஏன் அப்படி இருக்குன்னு புரியும்.

பிசிபியை எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ள போர்டு. ரெண்டு பக்கப் போர்டு இருந்தா ஒரு வயர் இன்னொரு வயரைத் தாண்டிப் போறது சுலபம். ஆனா துளைகளுக்குள்ளே உலோகம் பூசணும், அது வீட்டில் செய்யுற வேலை இல்ல. ஒரு பக்கப் போர்டை வீட்டிலேயே ரசாயனத்தில் அரிச்சு எடுத்துடலாம். அதுக்காக, தாண்ட வேண்டிய இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன வயர்த் துண்டுகளைப் பாலம் மாதிரி கையால் சால்டர் பண்ணணும். நிறையப் பாலங்கள். படத்தைப் பார்த்தா அழகாவே இருக்காது. ஒரு ஃபேக்டரி இன்ஜினியர் இதைப் பார்த்து முகம் சுளிச்சிருப்பார். ஆனா நிஷ் நகரத்திலோ ஸ்பிளிட் நகரத்திலோ ஒரு பதினாறு வயசுப் பையனால செய்ய முடியுற போர்டு அது.

கீபோர்டுக்கும் தனிச் சிப் இல்ல. ஒவ்வொரு கீயும் ஒரு மெமரி முகவரி. அந்த முகவரியைப் படிச்சா, கீ அழுத்தியிருக்கா இல்லையான்னு ஒரு பிட்டில் பதில் வரும். அஸெம்ப்ளி எழுதினவங்களுக்கு இது எவ்வளவு சுகம்னு தெரியும். சேமிக்க சாதாரண டேப் ரெக்கார்டர், விநாடிக்கு 280 பிட். 2 கிலோபைட் புரோகிராம் ஏற சுமார் ஒரு நிமிஷம். கேபினெட்? நீங்களே ஏதாவது செஞ்சுக்கோங்க. மரத்தில் செஞ்சவங்க உண்டு, பிசிபி துண்டுகளையே ஒட்டிப் பெட்டியாக்கினவங்க உண்டு.

சாஃப்ட்வேர் பக்கம் இன்னும் நெருக்கடி. மொத்த ரோம் 4 கிலோபைட். இன்னைக்கு நீங்க வாட்ஸ்அப்பில் அனுப்புற ஒரு குட்டி ஸ்டிக்கர்கூட அதுக்குள்ள அடங்காது. அதுக்குள்ள பேசிக் மொழி வேணும், தசம எண் கணக்கு வேணும், டேப் வேணும், கீபோர்டு வேணும், மேலே சொன்ன அந்தப் படம் வரையுற ரொட்டீனும் வேணும். அமெரிக்காவின் டிஆர்எஸ்-80 கம்ப்யூட்டரில் இருந்த லெவல் 1 பேசிக்கை அடிப்படையா எடுத்துக்கிட்டு, வெட்டித் திருத்தி உள்ளே அடைச்சார். அந்த லெவல் 1 பேசிக்குக்கும் ஒரு பூர்வீகம் இருக்கு: லி-சென் வாங் 1976-ல் எழுதி வெளியிட்ட பாலோ ஆல்டோ டைனி பேசிக். அந்தக் கோடின் தலையிலேயே காப்பிரைட்டைக் கிண்டல் பண்ணி 'காப்பிலெஃப்ட்'னு போட்டிருப்பார். ஆக, கலிஃபோர்னியாவில் ஒருத்தர் சும்மா கொடுத்த கோட், டெக்சாஸ் கம்பெனி வழியா, பெல்கிரேடில் ஒரு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அடைச்சதன் தழும்புகள் எங்கேயும் தெரியும். எழுத்துக்கோவைக்கு ரெண்டே ரெண்டு வேரியபிள். எண் அரே ஒண்ணே ஒண்ணு. பிழைச் செய்திகள் மூணுதான்: நீங்க எழுதினது புரியலைன்னா 'வாட்?', புரிஞ்சும் செய்ய முடியலைன்னா 'ஹவ்?', மெமரி தீர்ந்துட்டா 'சாரி'. இது மூணும் லெவல் 1 பேசிக்கிலிருந்தே வந்தவை. சைன், காஸ் கணக்கெல்லாம் பின்னாடி வந்த ரெண்டாவது ரோமில்தான், கூடவே ஒரு அஸெம்ப்ளரும் வந்தது. ஆனா இவ்வளவு நெருக்கடியிலும் எழுத்து ரோமில் செ, ஷ மாதிரி ஒலிகளுக்கான உள்ளூர் லத்தீன் எழுத்துக்களுக்கு, அந்த மேல்குறி போட்ட எழுத்துக்களுக்கு, இடம் வச்சார். ஒளிச்சுக் கொண்டு வந்த ஸ்பெக்ட்ரமில் அது கிடையாது. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாதுங்கிறதில் ஒரு ஆளோட மனசு தெரியும் இல்லையா?

சரி, டிசைன் தயார். இதை மக்கள்கிட்ட எப்படிக் கொண்டு போறது? இங்கேதான் ரெண்டாவது ஆள், தேயான் ரிஸ்தானோவிச். இளம் புரோகிராமர், பத்திரிகையாளரும்கூட. 'கலாக்சியா' என்ற பிரபலமான அறிவியல் பத்திரிகை, வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பத்தி ஒரு சிறப்பிதழ் தயாரிக்கும் பொறுப்பை அவர்கிட்ட கொடுத்திருந்தது. அன்டோனிச்சும் அவரும் சந்திச்சாங்க. சிறப்பிதழின் தலைப்பு தமிழில் சொன்னா 'உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர்'. அதில் முழு சர்க்யூட் படமும் கட்டும் முறையும் வந்தது. கம்ப்யூட்டருக்குப் பத்திரிகையின் பேரையே வச்சாங்க. முதலில் அச்சடிச்சது 30,000 பிரதி. தீர்ந்துபோய் மறுபடி மறுபடி அச்சடிச்சு 1 லட்சம் வரை போனது.

சர்க்யூட் படம் மட்டும் போட்டிருந்தா இது நடந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளில் அந்தக் காலத்தில் மாசாமாசம் சர்க்யூட் வரும். பாதி வேலை செய்யாது, பாதிக்கு உதிரிபாகம் கிடைக்காது. இங்கே அவங்க வித்தியாசமா யோசிச்சாங்க. பிசிபியும் கீபோர்டும் இன்றைய குரோஷியாவில் இருக்கிற புயே என்ற ஊரிலிருந்து கிடைக்க ஏற்பாடு. சிப்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக் கடையிலிருந்து தபாலில். ஒரு கம்ப்யூட்டரா வந்தா கஸ்டம்ஸ் பிடிக்கும், சிப்களா வந்தா அப்படி இல்ல.

மிச்சம் ஒரு சிக்கல். ரோம் சிப்பைக் கடையில் வாங்கினா உள்ளே காலியா இருக்கும். அதில் கோடை எழுத ஒரு தனிக் கருவி வேணும். எத்தனை வீட்டில் அது இருக்கும்? அதனால மக்கள் காலி சிப்பைத் தபாலில் அனுப்ப, அன்டோனிச்சே அதில் கோடை எழுதித் திருப்பி அனுப்பினார். இன்னைக்கு கிட்ஹப்பில் ஒரு ரெப்போ போட்டுட்டு, டவுன்லோட் பண்ணிக்கோங்கன்னு விட்டுடுறோம். ஒவ்வொரு டவுன்லோடுக்கும் நீங்களே ஒரு உறையில் முகவரி எழுதணும்னு நினைச்சுப் பாருங்க.

கட்டினவங்க பக்கமும் யோசிக்கணும். வழக்கமான கம்ப்யூட்டரில் திரைச் சிப் தனியா இருந்தா, புராசஸர் செத்திருந்தாலும் திரையில் ஏதாவது குப்பை எழுத்தாவது தெரியும். "ஓகே, இந்தப் பாதி உயிரோட இருக்கு"ன்னு தெரிஞ்சுக்கலாம். கலாக்சியாவில் அந்த வசதி இல்ல. படம் வரையுறதே புராசஸர்தான். ஒரு சால்டர் புள்ளி தப்பினாலும், ஒரு பாலம் விட்டுப்போனாலும், ரோம் படிக்கலைன்னாலும் எல்லாத்துக்கும் ஒரே அறிகுறி: திரையில் ஒரு எழுத்தும் வராது. வீட்டில் ஆஸிலோஸ்கோப் கிடையாது. மல்டிமீட்டரை வச்சு ஒவ்வொரு தடமா, பத்திரிகைப் படத்தோட ஒப்பிட்டுத் தேடணும். மலிவாக்கின அதே தந்திரம், பிழை தேடுறதைக் கஷ்டமாக்கியது. 8,000 பேர் அதைத் தாண்டினாங்கங்கிறதை அந்தக் கோணத்தில் பாருங்க. ஆனா தாண்டினவருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் தெரியாத மூலையே இருக்காது. ஒவ்வொரு தடத்தையும் கையால் தொட்டிருப்பார்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கம்ப்யூட்டர் கட்டியாச்சு, புரோகிராமுக்கு எங்கே போறது? பெல்கிரேட் வானொலியின் 202 அலைவரிசையில் 'வென்டிலாட்டர் 202'னு ஒரு இசை நிகழ்ச்சி. நடத்தினவர் ஸோரான் மோத்லி, ஆர்ஜே, பயணிகள் விமானமும் ஓட்டின பைலட். ரிஸ்தானோவிச் அவர்கிட்ட ஒரு யோசனை சொன்னார்: புரோகிராம்கள் கேஸட்டில் சத்தமாத்தானே இருக்கு? அந்தச் சத்தத்தை ரேடியோவில் ஒலிபரப்பினா என்ன?

செஞ்சாங்க. பாட்டுக்கு நடுவில் மோத்லி, "இப்போ ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க"ன்னு சொல்ல, அடுத்த ஒண்ணு ரெண்டு நிமிஷம் கீச்சுன்னு சத்தம். கம்ப்யூட்டர் இல்லாதவங்க ரேடியோ கெட்டுப் போச்சுன்னு நினைச்சிருப்பாங்க. இருந்தவங்க டேப்பில் பதிவு செஞ்சு, கம்ப்யூட்டரில் ஏத்தினாங்க. கலாக்சியாவுக்கு மட்டுமில்ல, ஸ்பெக்ட்ரம், கமடோர் வச்சிருந்தவங்களுக்கும் ஒலிபரப்பினாங்க. விளையாட்டு வந்தது, கணக்குப் புரோகிராம் வந்தது. கேட்டவங்க தாங்கள் எழுதினதை, திருத்தினதை அனுப்பிவைக்க, அதுவும் ஒலிபரப்பானது. இதிலும் இவங்க முதல் ஆள் இல்ல. நெதர்லாந்து வானொலியில் 'ஹாபிஸ்கூப்' நிகழ்ச்சி ஏற்கெனவே இதைச் செஞ்சுக்கிட்டு இருந்தது, பல வகைக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவா பேசிகோட்னு ஒரு முறையே உருவாக்கியிருந்தாங்க. ஆனா கடைகளில் சாஃப்ட்வேரே விற்காத ஒரு நாட்டில், காற்றிலிருந்து புரோகிராம் இறங்குறதுன்னா அது வேற அனுபவம். பாட்காஸ்ட் நடத்துறவன்கிற முறையில் மோத்லி மேல எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நம்ம எபிசோடிலும் ஒரு நிமிஷம் அந்தச் சத்தத்தைப் போடலாம்னு சொன்னேன், எடிட்டர் ஒத்துக்கலை.

அப்புறம் என்ன ஆச்சு? கலாக்சியாவை ரெடிமேடாவும் தயாரிச்சாங்க. பாடநூல் வெளியிடும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்காக அதைக் கொண்டு வந்தது. ஆனா சில வருஷத்திலேயே சூழல் மாறிடுச்சு. ஸ்பெக்ட்ரமும் கமடோர் 64-ம் நாட்டுக்குள்ள வந்து நிறைஞ்சது. அதில் வண்ணம் இருந்தது, சத்தம் இருந்தது, நூத்துக்கணக்கில் விளையாட்டு இருந்தது. கலாக்சியாவில் வண்ணமும் இல்ல, சத்தமும் இல்ல, பெரிய எழுத்து மட்டும்தான்; படம்னா ஒரு எழுத்துக் கட்டத்தை ஆறாப் பிரிச்ச 64-க்கு 48 கட்டப் புள்ளிகள்.

இதை "நல்லது தோத்துப் போச்சு"ன்னு சோகக் கதையா சொல்றவங்க உண்டு. நான் அப்படிப் பார்க்கலை. டிசைனையே பாருங்க. திரையைப் புராசஸர் வரையுதுன்னா, திரையை நல்லாக்க நினைக்கும்போதெல்லாம் புராசஸர் நேரத்திலிருந்துதான் அதை எடுக்கணும். அங்கே ஏற்கெனவே மூணுல ரெண்டு பங்கு போயாச்சு. 1985-ல் வந்த 'கலாக்சியா பிளஸ்' மாடலில் 256-க்கு 208 புள்ளிப் படமும், இசைச் சிப்பும், அதிக மெமரியும் சேர்த்தாங்க. அது பெரிசா எடுபடலை. எந்த முடிவு அதைப் பிறக்க வச்சதோ, அதே முடிவுதான் அதை வளரவிடாமலும் வச்சது. அதுக்காக அந்த முடிவு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். திரைச் சிப் வேணும்னு காத்திருந்தா 1983 டிசம்பரில் எதுவுமே வெளியாகியிருக்காது. மறு வருஷம் 8,000 பேர் சால்டரிங் அயர்னைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. ஆபீசில் "இது ஸ்கேல் ஆகுமா?"னு யாராவது கேட்கும்போது எனக்கு இந்தப் போர்டு ஞாபகம் வரும். சில சமயம் அதுக்கான பதில் "ஆகாது, ஆனா இப்போ வேணும்"கிறதுதான்.

1991-க்குப் பிறகு அந்த நாடே உடைஞ்சுடுச்சு. போர், தடைகள், பணவீக்கம். 1990-களின் நடுவில் அன்டோனிச் தன்னிடம் இருந்த கலாக்சியா கம்ப்யூட்டர்களையும் பெரும்பாலான காகிதங்களையும் குப்பையில் போட்டுட்டார். இனி இதெல்லாம் யாருக்கு வேணும்னு அவருக்குத் தோணியிருக்கு. ஆனா 1 லட்சம் பிரதி அச்சடிச்ச சர்க்யூட் படத்தை யாராலயும் முழுசா தூக்கிப் போட முடியாதே. பல வருஷம் கழிச்சு ஒரு புதுத் தலைமுறை அந்தப் பழைய பத்திரிகையை எடுத்து வச்சுக்கிட்டு மறுபடியும் போர்டு செய்ய ஆரம்பிச்சது. எமுலேட்டர்களும் வந்தன. நான் ஒரு எமுலேட்டரில் ரெண்டு மூணு சாயங்காலம் ஒரு பேசிக் புரோகிராம் எழுதிப் பார்த்தேன். 'ஹவ்?'னு திரை கேட்கும்போது, யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்கிற மாதிரியே இருக்கும்.

2024-ல் ஸிலாக், தனிச் சிப்பா விற்கும் இசட்80-ஐ நிறுத்துறதா அறிவிச்சது. கடைசி ஆர்டருக்கு ஜூன் 14 வரை நேரம் கொடுத்தாங்க. 1976-லிருந்து வந்துக்கிட்டிருந்த சிப். இன்னைக்குக் கலாக்சியா கட்ட நினைச்சா, இருக்கிற ஸ்டாக்கிலிருந்தும் பழைய போர்டுகளிலிருந்தும்தான் எடுக்கணும்.

அன்டோனிச் பிற்பாடு அமெரிக்கா போய், அங்கே ஹேக்கடே வட்டத்தோட வேலை செய்ய ஆரம்பிச்சார். 2022-ல் அவங்களோட சூப்பர்கான் மாநாட்டுக்கு வந்தவங்க கழுத்தில் மாட்டிக்க ஒரு பேட்ஜ் வடிவமைச்சார். அது ஒரு 4 பிட் கம்ப்யூட்டர், பேர் 'வோயா4'. அப்படி ஒரு புராசஸர் எங்கேயும் விற்பனைக்குக் கிடையாது. இன்னொரு சிப்புக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற, அவரே கற்பனை பண்ணின புராசஸர். பட்டனை அழுத்தி ஒவ்வொரு பிட்டா புரோகிராமை ஏத்தணும். மெமரியில் என்ன இருக்குன்னு வரிசையா இருக்கிற எல்இடி விளக்குகள் காட்டும். இந்தத் தடவை டிவி இணைக்கிற பிரச்சினையே இல்ல. திரையே வைக்கலை.